இரண்டு அறைகளில் ஒரு துயரம்: அகமதாபாத்தின் ஆலைகளும் நடுவயது வாழ்வும்

நடுவயதில் ஒருவருக்கு வேலை போகிறது. சில மாதங்களில் இல்லறமும் ஆட்டம் காண்கிறது. இந்த நிலையில் உள்ளவருக்கு இந்தியச் சட்டம் இரண்டு வெவ்வேறு கதவுகளைக் காட்டுகிறது. வேலைத் தகராறு என்றால் சமரச அலுவலரிடம் செல்ல வேண்டும். மணவாழ்வுத் தகராறு என்றால் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆலோசகரிடம் செல்ல வேண்டும். முதல் அறையில் வீட்டைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இரண்டாம் அறையில் அவருடைய இருபதாண்டு உழைப்பு, 'மாத வருமானம்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது. வாழ்பவருக்கோ அது இரண்டு துயரங்கள் அல்ல, ஒன்றுதான்.

இந்தப் பிரிவினை இயல்பானதன்று. அது காலப்போக்கில் உருவானது. அதன் வரலாற்றைத் தொடர்ந்து காண ஏற்ற ஒரு நகரம் அகமதாபாத். ஆலைத் தொழிலும், காந்தியின் தொழிலாளர் இயக்கமும், இந்தியாவின் தொடக்ககால உளவியல் நிறுவனங்களுள் ஒன்றும், ஆலைகளின் வீழ்ச்சியும் அந்த ஒரே நகரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது. மேனாட்டார் 'கவுன்சலிங்' என்று வழங்குவதைத் தமிழில் 'ஆலோசனை' என்கிறோம். துறைசார்ந்தோர் 'ஆற்றுப்படுத்துதல்' என்கின்றனர். ஆறு என்றால் வழி; வழிப்படுத்துவதே ஆற்றுப்படுத்துதல். துயரை ஆற்றுவது என்ற பொருளும் அச்சொல்லின் ஒலியில் உடன் கேட்கிறது. 'நடு' என்னும் சொல்லும் கவனத்துக்கு உரியது. நடுவயது, நடுவர், நடுவுநிலைமை ஆகிய மூன்றும் அதிலிருந்தே கிளைத்தவை. எனினும் நடுவயது என்ற பருவத்துக்கு நம் மரபில் தனிப்பெயர் நிலைபெறவில்லை. பேதை முதல் பேரிளம்பெண் வரை எண்ணப்படும் பெண்டிர் பருவங்கள் ஏழும் 40 வயதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் உள்ள வாழ்க்கை பெயரிடப்படாமலேயே கிடக்கிறது. பெயரில்லாத பருவத்தின் இடர்கள் எளிதில் ஒருவரின் குணக்குறையாகவே பார்க்கப்படுகின்றன.

இனி 1918ஆம் ஆண்டுக்குச் செல்வோம். முந்தைய ஆண்டு அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர்கள் நகரை விட்டு ஓடிவிடாதிருக்க ஆலை உரிமையாளர்கள் மிகைஊதியம் வழங்கினர். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினர். போர்க்கால விலையேற்றத்தில் நெசவுத் தொழிலாளரின் வாழ்க்கை நெருக்கடிக்கு உள்ளானது. காந்தி விலைவாசியை ஆராய்ந்து 35 விழுக்காடு ஊதிய உயர்வு நியாயம் என்றார். உரிமையாளர்கள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்தனர். பிப்ரவரி 22 அன்று கதவடைப்பு தொடங்கியது. உரிமையாளர் தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். தொழில் தகராறு தொடக்கத்திலேயே குடும்பத்துக்குள்ளும் இருந்தது.

இப்போராட்டத்தை மகாதேவ் தேசாய் தனிநூலாக எழுதியிருக்கிறார். சபர்மதிக் கரையில் மரத்தடியில் நாள்தோறும் தொழிலாளர்கள் கூடினர். அனசூயாவின் பெயரால் துண்டறிக்கைகள் வெளியாயின. அவற்றுள் ஊதியக் கணக்கு மட்டும் இல்லை. வேலையற்ற நாட்களை எவ்வாறு கழிப்பது என்பதும் இருந்தது. சூதாடாதீர்கள், பகலில் உறங்கிப் பொழுதைப் போக்காதீர்கள், பழுதான வீட்டைச் சரிசெய்யுங்கள், துணைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரைகள் அவை. வேலை நின்றால் முதலில் சிதைவது நாளின் ஒழுங்கு. அடுத்துச் சிதைவது வீடு. இதை அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர். வேலையையும் வீட்டையும் ஒன்றாகக் கண்ட ஆற்றுப்படுத்துதல் என்று அவற்றை இன்று வாசிக்கலாம்.

மார்ச் நடுவில் தொழிலாளரின் உறுதி தளர்ந்தது. காந்தியும் அனசூயாவும் காரில் வந்து போகிறார்கள், வயிறார உண்கிறார்கள், பட்டினி எங்களுக்குத்தானே என்று ஒரு குடியிருப்பில் எழுந்த கசப்பு காந்தியின் காதுக்கு எட்டியது. மார்ச் 15 அன்று அவர் உண்ணாநோன்பை அறிவித்தார். மார்ச் 18 அன்று உடன்பாடு ஏற்பட்டது. முதல் நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் இடைப்பட்ட 27.5 விழுக்காடு என்று முடிவாயிற்று. நடுவர் ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 விழுக்காட்டையே தீர்ப்பாக அளித்தார். ஆனால் தம் நோன்பு, நண்பர்களாகிய உரிமையாளர்களை நெருக்கியது என்பதால் அது மாசுள்ளது என்பதைக் காந்தியே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்.

அப்போது அவருக்கு வயது 48. அதே ஆண்டின் பிற்பகுதி பாடநூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கேடா மாவட்டத்தில் வரிமறுப்புப் போராட்டத்தை நடத்திய காந்தி, உடனே அதே ஊர்களுக்குச் சென்று உலகப்போருக்கு ஆள் திரட்ட முயன்றார். முன்பு வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் இப்போது வாடகைக்கும் வண்டி தரவில்லை. அகிம்சை பேசியவர் படைக்கு ஆள் கேட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? நாள்கணக்கில் நடந்து உடல் நலிந்தது. ஆகஸ்டில் கடும் வயிற்றுப்போக்கு வந்தது. மருந்தை மறுத்தார். சாவு நெருங்கிவிட்டதாகவே நம்பினார். மேற்கொண்ட பணி பொருளற்றுப்போய், உடலும் கைவிட்ட நடுவயது மனிதர் ஒருவரை இங்கே காண்கிறோம்.

அவரை மீட்டவர்கள் யார்? நடியாதில் படுத்திருந்தவரைத் தேடித் தம் மனைவியுடன் வந்து, அகமதாபாத்தின் மிர்சாபூர் மாளிகைக்கு எடுத்துச் சென்று பேணியவர் அம்பாலால் சாராபாய். சில மாதங்களுக்கு முன் எதிரணியில் நின்ற அதே உரிமையாளர். அடுத்து, மும்பையில் மருத்துவர் தலால், பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்றார். பால் அருந்துவதில்லை என்பது காந்தியின் நோன்பு. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூர்பா, நோன்பு பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்றார். காந்தி இணங்கினார். நோன்பின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாக அவர் பின்னாளில் வருந்தினாலும், அந்த வாதம் அவரை வாழவைத்தது.

கஸ்தூர்பாவின் அந்தக் குறுக்கீட்டை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. 1898இல் டர்பன் வீட்டில், விருந்தினராகத் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுக்கலத்தை மனமுவந்து சுமக்கவில்லை என்பதற்காக அவரைக் கையைப் பிடித்து வாயிற்கதவு வரை இழுத்துச் சென்றவர் காந்தி. அதைத் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். 1906இல் பிரமச்சரிய விரதத்தை மேற்கொண்டவரும் அவரே. இத்தனைக்கும் பிறகு, கணவர் சாவின் விளிம்பில் கிடந்தபோது அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய கொள்கையைத் துறக்கவும் சொல்லவில்லை. அக்கொள்கைக்குள்ளேயே வாழ்வதற்கு ஒரு வழியைக் காட்டினார். ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லின் முழுப்பொருளும் இதில் இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகளை நடுவயதின் நெருக்கடியாக வாசித்தவர் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன். மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தவர் அவர். நடுவயதின் சிக்கலை, அடுத்த தலைமுறையைப் பேணி வளர்க்கும் ஆற்றலுக்கும் தேக்கத்துக்கும் இடையிலான போராட்டமாக அவர் கண்டார். வாழ்க்கை வட்டம் பற்றிய கருத்தரங்கை நடத்த 1962இல் அகமதாபாத்துக்கு வந்தார். தம்மை வரவேற்ற சாராபாய் குடும்பத்தின் மூத்தவரே 1918இல் காந்தியை எதிர்த்து நின்றவர் என்பதை அங்கே உணர்ந்தார். அதிலிருந்து பிறந்த ஆய்வு 1969இல் 'காந்தியின் உண்மை' என்ற நூலாயிற்று. நூலின் நடுவில் எரிக்சன் காந்தியை நேரடியாக விளித்து ஒரு மடல் எழுதுகிறார். உலகின்மீது வன்முறை கூடாது என்றவர், தம் மனைவிமீதும் நெருங்கியவர்கள்மீதும் செலுத்திய கடுமையை ஏன் வன்முறையாகக் காணவில்லை என்பதே அதன் மையக் கேள்வி. ஒருவருடைய பணியின் உயர்வு அவருடைய இல்லறக் கணக்கை நேர்செய்துவிடாது என்பதை மதிப்புக் குறையாமல் சொன்ன எழுத்து அது.

எரிக்சன் வந்தபோது அந்நகரம் உளவியலுக்குப் புதியதாக இல்லை. 1947இல் தொடங்கிய அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் கமலா சௌத்ரி ஆலைத் தொழிலாளரின் மனநிலையையும் உறவுகளையும் ஆராய்ந்தார். 1951இல் கௌதம் சாராபாயும் அவர் மனைவி கமாலினியும் பி. எம். உளவியல் நிறுவனத்தைத் தொடங்கினர். சாராபாய்களின் காலிகோ ஆலையில் 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் ஒரு சோதனையை நடத்தினார். தறிக்கூடத்தில் தனித்தனியே சிதறிக் கிடந்த வேலைகளைச் சிறு குழுக்களின் கூட்டுப் பொறுப்பாக மாற்றியமைத்த சோதனை அது. அதே டாவிஸ்டாக் வட்டத்தைச் சேர்ந்த எலியட் ஜாக்தான் 1965இல் 'நடுவயது நெருக்கடி' என்ற தொடரை உலகுக்கு அளித்தார். கமலா சௌத்ரியின் சகோதரி மகனான சுதிர் கக்கர், அகமதாபாத்தில் எரிக்சனைச் சந்தித்ததன் விளைவாக உளப்பகுப்பாய்வைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

ஆக, ஆலைக்குள் உறவுகளை ஆராய்ந்தவர்களும், குடும்பத்தின் உளநலத்தைப் பேணியவர்களும், வாழ்க்கைப் பருவங்களைச் சிந்தித்தவர்களும் ஒரே நகரத்தில், பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் ஆதரவில் இயங்கினர். 1918இன் துண்டறிக்கைகளில் ஒன்றாக இருந்த வேலையும் வீடும் அறிவியலின் துணையோடு மீண்டும் ஒன்றுசேர்வதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேறெங்கும் அமைந்திருக்காது. ஆயினும் அவை சேரவில்லை.

காரணங்களுள் ஒன்று சட்டத்தின் போக்கு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரை நியமிக்கச் சொன்னது. அவருடைய எல்லை ஆலையின் சுற்றுச்சுவர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணமுறிவுக்கு முன் தம்பதியரை இணைத்துவைக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்றது. 1984ஆம் ஆண்டின் சட்டம் அதற்கென ஆலோசகர்களையும் தந்தது. இரு சட்ட மரபுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. இரண்டும் சமரசத்தை முன்னிறுத்துகின்றன. இரண்டும் வழக்கறிஞரைத் தள்ளி வைக்கின்றன. தொழில் தகராறுச் சமரசத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை; குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர்வழி வாதிடுவது உரிமையாக வழங்கப்படவில்லை. மொழியும் ஒன்றே, நோக்கமும் ஒன்றே. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கேட்பதில்லை.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. 1920இல் உருவான மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம், பள்ளி, மருத்துவமனை, மதுவிலக்கு என்று தொழிலாளரின் வீடுவரை சென்றது. எனினும் அது மனத்தில் கொண்டிருந்த குடும்பத்தில் ஆண் சம்பாதிப்பவர், பெண் அவரைச் சார்ந்தவர். ஆலைகளில் பெண் தொழிலாளரின் பங்கு காலப்போக்கில் சுருங்கியதும் இந்தச் சித்திரத்துக்குத் துணைபோயிற்று. 1968இல் இரண்டு ஆலைகள் மூடப்பட்டபோது அதன் உண்மைநிலை வெளிப்பட்டது. வேலையிழந்த தொழிலாளரின் குடும்ப நிலையை அறிய, சங்கத்தின் மகளிர் பிரிவில் இருந்த இலா பட் வீடுவீடாகச் சென்றார். ஆண்கள் ஆலையைத் திறக்கக் கோரிப் போராடிக்கொண்டிருந்தனர். வீட்டில் அடுப்பு எரிந்தது பெண்களின் உழைப்பால். காய்கறி விற்றும், துணி தைத்தும், கூலி வேலை செய்தும் அவர்கள் குடும்பத்தைத் தாங்கினர். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த அனுபவம் 1972இல் 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் சங்கம் உருவாக வழியமைத்தது. தாய்ச் சங்கம் 1981இல் சேவாவை வெளியேற்றியது.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டும். வேலையிழந்த ஆணின் துயரத்தைப் பேசும்போது, அதன் சுமையைத் தாங்கியவரை மறந்துவிடுவது எளிது. ஆலை மூடியதும் ஆண் இழந்தது ஊதியத்தை மட்டுமன்று. சங்க உறுப்பினர், ஆலைத் தோழர், வீட்டுத் தலைவர் என்ற நிலைகளையும் இழந்தார். பெண்ணுக்கோ முன்பிருந்த வீட்டுவேலை அப்படியே இருக்க, வெளிவேலையும் சேர்ந்தது. இருவரின் இழப்பும் வெவ்வேறு வடிவம் கொண்டவை. ஒன்றின் பெயரால் மற்றொன்றை மறுக்க இயலாது.

1980களிலும் 1990களிலும் அகமதாபாத்தின் 50க்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ ஒரு லட்சம் தொழிலாளர் வேலையிழந்தனர். ரைஸ் சோதனை நடத்திய காலிகோ ஆலையும் தப்பவில்லை. டச்சுச் சமூகவியலாளர் யான் பிரேமன் இவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். நிலையான வேலையில் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தவர்கள் தள்ளுவண்டி, ஆட்டோ, தினக்கூலி என்று இறங்கினர். பிள்ளைகளின் படிப்பு நின்றது. வீட்டுக்குள் சொல்லின் மதிப்பு குறைந்த ஆண்கள் மௌனத்திலும் குடியிலும் சினத்திலும் ஒதுங்கினர். சிலருக்கு இழப்பீடு கிடைத்தது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் வழக்கே மிஞ்சியது. இழப்பீட்டுக் கணக்கை ஆராய அலுவலகங்கள் இருந்தன. ஐம்பது வயதில் 'இனி நான் யார்' என்று கேட்பவருக்கு விடைதேட உதவும் அலுவலகம் எதுவும் இல்லை.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் நிறைவேறியதும் இதே பத்தாண்டில்தான். மும்பையின் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது 1982 ஜனவரியில். சட்டம் வந்தது 1984இல். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அன்று. மணவாழ்வு வழக்குகளின் பெருக்கமும், 1970களில் எழுந்த பெண்கள் இயக்கத்தின் கோரிக்கைகளும் சட்டத்துக்குப் பின்னணியாக இருந்தன. ஆனால் அதே ஆண்டுகளில் லட்சக்கணக்கான குடும்பங்களின் பொருளாதார அடித்தளம் சரிந்துகொண்டிருந்தது என்பதைச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் காணமுடியாது. திருமண அமைப்பைப் பாதுகாப்பதில் பற்றுள்ளவர்களை நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. வேலைச் சந்தையின் சிதைவை அறிந்தவர் தேவை என்று கூறவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உடல் வலுவுள்ள கணவர் உடலுழைப்பால் ஈட்டியேனும் மனைவி மக்களைப் பேண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் வலியுறுத்தியது. வருமானத்தை மறைத்துப் பொறுப்பைத் தட்டிக்கழிப்போர் பலர் இருக்கும் நாட்டில் இந்த நெறி தேவையானது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அதுவே கைப்பிடி. எனினும் அந்த நெறி ஒரு கடமையை நினைவூட்டுகிறதே அன்றி, 47 வயதில் தொழிலே மறைந்துபோன ஒருவர் அடுத்த நாள் காலை எங்கே செல்வது என்பதைச் சொல்வதில்லை. அது நீதிபதியின் வேலையும் அன்று. ஆற்றுப்படுத்துபவரின் வேலை அது.

அகமதாபாத்தின் வரலாறு ஆற்றுப்படுத்துவோருக்கு மூன்றைக் கற்பிக்கிறது என்று கருதுகிறேன்.

முதலாவது, கேள்விகளின் வரிசை. மணவாழ்வுச் சிக்கலோடு வருபவரிடம் வேலையின் கதையைக் கேட்க வேண்டும். வேலையிழந்து வருபவரிடம் வீட்டின் கதையைக் கேட்க வேண்டும். எப்போது வேலை போயிற்று, எப்போது பேச்சு நின்றது என்ற இரண்டு நாட்களை அருகருகே எழுதிப் பார்த்தாலே பல சண்டைகளின் வேர் புலப்படும்.

இரண்டாவது, ஒரே வீட்டின் இரண்டு கணக்குகள். கணவர் இழந்தது என்ன என்று கேட்கும் அதே அமர்வில், மனைவி எவற்றைக் கூடுதலாகச் சுமக்கிறார் என்றும் கேட்க வேண்டும். இலா பட் வீடுவீடாகச் சென்று கேட்ட கேள்வி அதுவே. அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில் சமரசத்துக்கு முன் பாதுகாப்பு வர வேண்டும். வேலையின்மை வன்முறைக்கு விளக்கமாகலாம், நியாயமாகாது.

மூன்றாவது, அறிவுரை வேறு, ஆற்றுப்படுத்துதல் வேறு. காந்திக்கு மருத்துவர் கூறியது சரியான அறிவுரை. ஆனால் அவரால் ஏற்க இயலாதது. கஸ்தூர்பா கூறியதோ, அவர் தம்மைத் தாமே இழக்காமல் நடக்கக்கூடிய வழி. நடுவயதில் ஒருவரிடம் பிடிவாதமாகத் தோன்றுவது, பெரும்பாலும் அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் கடைசிச் சித்திரம். அதை உடைக்காமல் அதன் உள்ளே ஓர் ஆட்டுப்பாலைக் கண்டடைவதற்குத்தான் திறமை தேவைப்படுகிறது.

சமரச அலுவலரின் கோப்பும் குடும்ப ஆலோசகரின் கோப்பும் ஒரே மனிதரைப் பற்றியவையாக இருக்கக்கூடும். ஒன்றை மற்றொன்று அறிய வழிசெய்வதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. இசைவு பெற்று, இரு அலுவலகங்களுக்கும் இடையே ஒரு கடிதம் செல்ல இடமளித்தால் போதும். 1918இல் எதிரெதிரே நின்றவர்களின் வீடுகளுக்கிடையே அப்படியொரு வழி திறந்திருந்தது. அதனால் ஓர் உயிர் பிழைத்தது.

கான்பூர், மும்பை, சோலாப்பூர் போன்ற ஆலை நகரங்களின் குடும்ப வரலாற்றை அறிந்த நண்பர்கள் எழுதுங்கள். ஆலை மூடிய ஆண்டுகள் பதிவாகியிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் வீடுகளுக்குள் நிகழ்ந்தவை இன்னும் பதிவாகவில்லை.